ஆகாஷின் வயது

நான் வகுப்பெடுக்கப் போன மலை ஊரில் முக்கால்வாசிப் பிள்ளைகள் மே மாதம் இருபதாம் தேதி பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் அன்று வாத்தியார் பிள்ளையைத் தலைக்கு மேலாகக் கையைச் சுற்றி மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஒரு வருஷத்தைத் தோராயமாகப் போட்டு, தேதிக்கு மே இருபது என்று எழுதிக்கொள்வார். ஜூனில் சேர்க்க அதுதான் தோது. பிறகு அதுவே ஆதாரில் ஏறும், ரேஷன் அட்டையில் ஏறும். பிள்ளை எப்போது பிறந்தது என்று பெற்றவளைக் கேட்க வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

எனக்குத் தோன்றியது. நான்தான் பெரிய அறிவாளி ஆயிற்றே.

என் பெயர் மெகருன்னிசா. கள்ளக்குறிச்சியில் எங்கள் அத்தா தஸ்தகீருக்குச் செருப்புக்கடை. நான் சமூகப்பணி படித்துவிட்டு ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வளரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கும் வேலை. வயதுக்கு வருவது, காதல், சம்மதம், கர்ப்பம், நோய், இவைதான் பாடம். படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் பஸ் ஏறுகிற பையன்கள், பதினைந்தில் கழுத்தை நீட்டுகிற பெண்கள், இவர்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று என்னை மலைக்கு அனுப்பினார்கள். வீட்டில் மட்டும் நான் சத்துணவு பற்றிப் பாடம் எடுப்பதாகச் சொல்லிவைத்திருந்தேன். வெட்கப்படாமல் வாயைத் திறந்து பேசுங்கள் என்று ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொன்னவள், அத்தாவிடம் முருங்கைக்கீரையோடு நிறுத்திக்கொண்டேன்.

2020 டிசம்பர். கொரோனாவுக்கு மூடிய பள்ளிக்கூடம் இன்னும் திறக்கவில்லை. கீழே ஊரெல்லாம் இடஒதுக்கீட்டுப் போராட்டம். இன்றைக்கு மனு கொடுக்கிறார்கள், நாளைக்கு ஊர்வலம், நாளன்றைக்கு மறியல் என்று தினமும் ஒரு மைக் அலறிக்கொண்டிருந்தது. டீக்கடையில் உட்கார்ந்தவர்களெல்லாம் சதவீதம் பேசினார்கள். முஸ்லிம்களான எங்களுக்கு மூன்றரை, மலைப் பழங்குடிகளுக்கு ஒன்று. எந்த மேடையைப் பார்த்தாலும் "நம் பிள்ளைகளின் எதிர்காலம்" என்றுதான் பேனர். அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் இல்லாத ஒன்பது மாதத்தில் என்ன ஆனார்கள் என்று யாராவது திரும்பிப் பார்த்தார்களா என்றால், இல்லை. பார்க்கிறேன் என்று கிளம்பியவள் நான். என் லட்சணத்தை இனிமேல் சொல்கிறேன்.

கரியாலூரைத் தாண்டி இரண்டு கல் நடந்தால் அந்த ஊர். சமுதாயக்கூடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தார்கள். முதல் நாள் அம்மாக்களும் வேடிக்கை பார்க்க வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். என் பதிவேட்டில் ஒரு பிள்ளைக்கு ஒரு வரி: பெயர், வயது, படிப்பு, கடைசியில் தனியாக ஏதாவது ஆலோசனை கேட்டிருந்தால் அதற்கு ஒரு கட்டம். எல்லோரும் மே இருபது என்றதும் எனக்கு எரிச்சலாக வந்தது. "பெத்தவங்க சொல்லுங்க, நெஜமா எப்பப் பொறந்தாங்க?" என்றேன்.

பாப்பாத்தி என்ற ஒரு அம்மா எழுந்து நின்றாள். அவள் மகன் ஆகாஷ் பத்தாவதோடு நின்றுவிட்டு மரவள்ளிக் கிழங்கு லாரிக்கு லோடு ஏற்றப் போய்க்கொண்டிருந்தான்.

"மலைக்கு ரெண்டாவது பஸ் வுட்டாங்க இல்ல, அந்த வருசம் ஆடியில பொறந்தான். அவங்கண்ணன் தனியா இஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அழுதுகினு கெடந்தான். தொணைக்கு இவனையும் சேத்துக்கோன்னு வாத்தியார் கால்ல வுழுந்தேன். அவருதான் ஒரு வயசு ஜாஸ்தி போட்டு எழுதிகினாரு."

இரண்டாவது பஸ் விட்ட வருஷத்தை விசாரித்தேன். 2003. ஆகாஷுக்குப் பதினேழு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பாப்பாத்தி பக்கத்தில் வந்து நின்று பார்க்க, என் பேனாவால் பதினேழு என்று எழுதினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் "செரியா எழுதினியா கண்ணு?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.

வகுப்பு நன்றாகத்தான் போனது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், பையன்கள் கூரையைப் பார்த்தார்கள். மூன்றாவது வாரத்தில் கேள்விகள் வர ஆரம்பித்தன. சம்மதம் பற்றிப் பேசிய நாளில் ஆகாஷ் கை தூக்கினான்.

"மிஸ், அவங்களுக்கு இஷ்டமா இல்லியான்னு எப்டிக் கேக்கறது? கேட்டா சிரிக்கறாங்க."

"சிரிச்சா சம்மதம்னு அர்த்தம் இல்ல. வாயால சரின்னு சொல்ற வரைக்கும் கேளு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு அதை நோட்டில் எழுதினான். முன்வரிசையில் இசைவாணி என்கிற பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயது, பத்தாம் வகுப்பு. அவளுக்கு மட்டும் பள்ளிக்கூடத்து வயதும் அம்மா சொன்ன வயதும் ஒன்றாக இருந்தன. அவர்கள் இருவரும் பழகுவது ஊருக்கே தெரியும். அவள் பத்தாவது முடித்ததும் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லி வைத்திருந்தார்கள். இந்த ஊரில் காதலுக்கு யாரும் அரிவாள் தூக்குவதில்லை. அதில் மட்டும் இவர்கள் நம்மைவிட மேல்.

எங்கள் கைப்புத்தகத்தில் நான் இரண்டு பக்கங்களை நடத்தவில்லை. ஒன்று ஆணுறைப் பக்கம். "மெகர், மேல போயி அதையெல்லாம் காட்டிகினு நிக்காத. எவனாவது போட்டோ எடுத்துப் போட்டான்னா ஆபீஸையே மூடிடுவாங்க" என்றார் எங்கள் நிறுவனத்தின் தலைவி தங்கமணி மேடம். சரி மேடம் என்றேன். இரண்டாவது சட்டப் பக்கம். பதினெட்டு வயதுக்குள் ஒரு பெண் கர்ப்பமாகி ஆஸ்பத்திரிக்கு வந்தால் டாக்டர் போலீஸுக்குச் சொல்லியே தீர வேண்டும், அவளே விரும்பியிருந்தாலும் அது குற்றம், விஷயம் தெரிந்தும் சொல்லாதவர்களுக்கும் ஜெயில் உண்டு என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. இதை யாரும் என்னைத் தாண்டச் சொல்லவில்லை. நானேதான் தாண்டினேன். இதைச் சொன்னால் ஒரு பிள்ளையும் ஆஸ்பத்திரிப் பக்கம் வராது, நாட்டு மருந்தைத் தின்று சாகும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பதிலாக வேறு ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு எல்லோரையும் சொல்ல வைத்தேன். டாக்டரிடம் வயதை மறைக்கக் கூடாது. டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது. நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் இசைவாணி என்கூடவே பஸ் நிறுத்தம் வரை நடந்து வந்தாள். பாதி வழி கடந்தது. அப்புறம் சொன்னாள்.

"மிஸ், ரெண்டு மாசமா தள்ளிப் போயிகினு இருக்குது."

"ஆகாஷா?" என்றேன். ஆமாம் என்றாள். அவன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். அதற்காக லோடு இறக்கிவிட்டு வரும்போது கள்ளக்குறிச்சியில் ஒரு மெடிக்கலில் போய் நின்றிருக்கிறான். கடையில் இருந்த அக்கா என்ன வேண்டும் என்று கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டு, இரண்டு தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. எனக்கு வரவில்லை. எந்தப் பக்கத்தைத் தாண்டினேன் என்று எனக்குத் தெரியும்.

"இன்னா செய்யறதுன்னு தெர்ல மிஸ். எனக்குப் பரிச்ச இருக்குது. வெச்சிக்கலாமா வேணாவான்னு டாக்டரக் கேக்கணும். ஆஸ்பத்திரிக்குப் போனா யார்னா வந்து அவன எதுனா பண்ணுவாங்களா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு வா. நானும் கூட வரேன்" என்றேன். தெரிந்த ஒரு லேடி டாக்டர் இருந்தார். அவரிடம் முதலில் பேசி, என்ன வழி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பிறகு இவளிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டம். அன்று மாலை விதிப்படி பதிவேட்டில் அவள் வரியிலும் ஆகாஷ் வரியிலும் ஆலோசனைக் கட்டத்தை நிரப்பினேன். இரண்டு மாத கர்ப்பம், இருவரும் பழகுகிறார்கள், ஆலோசனை தரப்பட்டது. கீழே தேதி, கையெழுத்து.

வெள்ளிக்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம். அத்தா கடையைத் திறக்கவே இல்லை.

"கூட்டம் ஜாஸ்தியா வருதாம். எங்கியும் போவாத" என்றார்.

"முக்கியமான வேலை இருக்கு அத்தா."

"கீரையப் பத்தி நாளைக்குச் சொல்லக் கூடாதா?"

என் பொய் எனக்கே குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. ஆகாஷ் போனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. இன்றைக்கு மலையிலிருந்து பஸ்ஸே வராது, அவளும் வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டு தோசை ஊற்றப் போனேன்.

முதல் பஸ் ஊர்வலத்துக்கு முன்பே இறங்கிவிட்டிருந்தது. இசைவாணி பஸ் ஸ்டாண்டில் பன்னிரண்டு மணி வரை நின்றிருக்கிறாள். அப்புறம் கொடிகளுக்கும் மைக்குக்கும் நடுவே வழி கேட்டுக்கொண்டு தானே ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற பெண் அவளைப் பார்த்துவிட்டு, "பத்தொம்பதுன்னு சொல்லு, வூட்டுக்காரரு கேரளாவுல இருக்காருன்னு சொல்லு" என்று காதில் ஓதியிருக்கிறாள். டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று எங்கள் மிஸ் சொல்லியிருக்கிறார் என்று இவள் பதில் சொல்லியிருக்கிறாள். வயது பதினாறு. பையன் பெயர் ஆகாஷ். தன் அப்பா பெயர் மாயவன். ஊர் இன்னது. ஒன்று விடாமல் சொன்னாள். என் வகுப்பிலேயே நன்றாகப் படித்த பிள்ளை அவள்தான்.

டாக்டர் கெட்டவர் இல்லை. "எனக்கு வேற வழியே இல்லம்மா" என்றாராம். சாயங்காலம் மகளிர் போலீஸ் வந்தது. பையனைக் கூப்பிடு, ஆதாரை எடுத்துக்கொண்டு வரச் சொல் என்றார்கள். அவளுக்கு மாற்றுத் துணி ஒரு பையில் போட்டு, ஆதாரையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு ஆகாஷ் தானே பைக்கில் இறங்கி வந்தான். ஆதாரில் 20-5-2002. பதினெட்டு வயது எட்டு மாதம். குழந்தையை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று கேட்கத்தான் அவள் வந்தாள். அவளிடம் அதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டார்கள். அவளைப் பெற்றவர்களோடு அனுப்பிவிட்டு அவனைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

இரண்டு நாள் கழித்து என்னையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். "உங்க வகுப்புக்கு வந்த பொண்ணுதானே? உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார் அங்கிருந்த இன்ஸ்பெக்டர் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "அந்தப் பொண்ணு யாருக்கும் தெரியாதுன்னுதான் சொல்லுது" என்றார். எதையும் மறைக்காத பெண் எனக்காக ஒன்றை மறைத்திருக்கிறாள். நானும் தெரியாது என்றேன்.

ஆகாஷுக்கு இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் கிடைத்தார். நல்ல மனிதர். எனக்குப் போன் போட்டார்.

"பள்ளிக்கூட சர்டிபிகேட்டுதான் கோர்ட்டுக்கு முதல் ஆதாரம். ஆனா கேஸ் வர்றதுக்கு முன்னாடியே அவன் வயசு பதினேழுன்னு யாராவது எழுதி வெச்சிருந்தா, அதக் காட்டி சந்தேகம் கிளப்பலாம். எலும்பு சோதனை கேக்கலாம். சிறுவன்னு ஆயிட்டா அவன் ஜெயில்ல இருக்க வேண்டியதில்ல, கேஸே வேற மாதிரி போயிடும். உங்ககிட்ட ஒரு பதிவேடு இருக்குதுன்னு அவங்கம்மா சொல்றாங்க."

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்க்க என்ன இருக்கிறது? ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. ஆகாஷ் என்ற பெயரும் பதினேழு என்ற வயதும் இருந்த அதே வரியின் கடைசிக் கட்டத்தில்தான், எனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது என் கையெழுத்தோடு இருந்தது. கிழித்துக் கொடுக்க முடியாது. பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டு முத்திரை குத்தியிருந்தது.

தங்கமணி மேடத்திடம் போனேன். அவர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்தினார்.

"இதக் குடுத்தா மொதல்ல உள்ள போறது நீ. அடுத்தது நான். இன்னும் நாலு மலையில வகுப்பு நடக்குது, அதுவும் போச்சு. உங்க வூட்டுக்குப் போலீஸ் வந்தா உங்கத்தாகிட்ட இன்னா சொல்லுவ?"

"அந்தப் பையன் மேடம்..."

"இதக் குடுத்தாலும் அவன் வெளிய வருவான்னு கேரண்டி இருக்குதா? சொல்லு."

கேரண்டி இல்லைதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் கரையேறிவிட்டேன். பீரோவிலிருந்து புதுப் பதிவேடு ஒன்று எடுத்துக் கொடுத்தார். இருபத்திரண்டு வரிகளையும் திரும்ப எழுதினேன். வேறு வேறு நாளில் எழுதியது போலத் தெரிய நீலம், கறுப்பு, கொஞ்சம் மங்கிய நீலம் என்று மூன்று பேனா. எல்லோருக்கும் பள்ளிக்கூட வயது. ஆகாஷ், பதினெட்டு. ஆலோசனைக் கட்டம் காலி. பையன் ஜெயிலில் இருக்க, ஒரு எழுத்துக்கூடக் கோணாமல் எழுதினேன் என்பதை நினைத்தால் என் கையையே எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் போராடியவர்களுக்குப் பத்தரை சதவீத ஒதுக்கீடு சட்டசபையில் நிறைவேறியதென்று ஊரில் வெடி வெடித்தார்கள். வழியெல்லாம் லட்டு கொடுத்தார்கள். எனக்கும் ஒருத்தர் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பழைய பதிவேட்டைத் தாள் தாளாகக் கிழித்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். அந்த வெந்நீரில்தான் குளித்தேன்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் கடையில் அத்தாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். பாப்பாத்தியும் இசைவாணியும் படியேறி வந்தார்கள். செருப்பு வாங்க வந்தவர்கள் என்று நினைத்து அத்தா ஸ்டூலை இழுத்துப் போட்டார். இசைவாணிக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. துப்பட்டாவை இழுத்து இழுத்து மூடினாள். பாப்பாத்தி உட்காரவில்லை.

"வக்கீலு ஐயா மூணு வாட்டி போன் போட்டாராம், நீ எடுக்கலியாம். வேல இருந்திருக்கும். அந்த நோட்ட மட்டும் குடு கண்ணு. நாங்களே கொண்டும்போய்க் குடுத்துடறோம்."

"எந்த நோட்டு அக்கா?"

"வயசு எழுதினியே. நான் சொல்லச் சொல்ல எழுதினியே."

அத்தா என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து புதுப் பதிவேட்டை எடுத்தேன். அதைக் கூடவே வைத்திருந்தேன், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. பிரித்து விரலை வைத்தேன்.

"நான் பள்ளிக்கூடக் கணக்குப்படிதான் எழுதியிருக்கேன். இதோ, பதினெட்டுன்னு இருக்குது."

பாப்பாத்தி குனிந்து பார்த்தாள். அவளுக்கு அது பதினெட்டோ எண்பத்தொன்றோ. "இல்லியே கண்ணு. ரெண்டாவது பஸ் வுட்ட வருசம்னு சொன்னேனே. நீகூட விசாரிச்சியே..." என்று இழுத்தாள். "சாதி சர்டிபிகேட்டுக்கு மூணு வருசம் அலைஞ்சப்ப எந்தப் பேப்பரக் காட்டினாலும் செல்லாதுன்னாங்க. எம்புள்ளயப் புடிச்சி உள்ள வெக்கறதுக்கு மட்டும் அந்த வாத்தியார் எழுதினது செல்லுதாம்மா?"

இசைவாணி பதிவேட்டைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியும். பழையதன் அட்டை பச்சை, இது சிவப்பு. அவள் அதைப் பார்த்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இப்போது கேட்பாள், அத்தா முன்னாலேயே கேட்பாள், கேட்கட்டும், கேட்டால் நல்லது, நானாகச் சொல்ல எனக்கு வக்கில்லை, இவளாவது என்னை இழுத்துப் போடட்டும் என்று இருந்தது.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பாப்பாத்தியின் கையைப் பிடித்தாள்.

"மிஸ் பொய் சொல்ல மாட்டாங்க அத்த. நீங்கதான் எதுனா மறந்திருப்பீங்க. வாங்க, பஸ் போயிடும்."

பாப்பாத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா, எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் ஞாபகம் இருக்கறதில்ல" என்றாள். என் கையைத் தொட்டு, "வந்து தொந்தரவு பண்ணிட்டேன், மனசுல வெச்சிக்காத கண்ணு" என்று சொல்லிவிட்டு இசைவாணியின் பின்னால் இறங்கிப் போனாள்.